நாம் அனுப்பிய வகீல் அங்கே என்ன கேட்டார்?



தேர்தல் அறிவிப்பு வெளியானதும் வருகின்ற ஜும்ஆக்களில் நம் மிம்பர்களில் தவறாமல் ஒலிக்கின்ற செய்தி ஒன்று உண்டு. வாக்களிப்பது சாட்சி சொல்வதற்கு ஒப்பானது, தகுதியற்றவருக்கு வாக்களிப்பது பொய்ச்சாட்சிக்கு ஒப்பானது என்பதே அது. முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் வாக்கின் மார்க்க நிலையை விளக்கியபோது அதற்கு மூன்று முகங்களைக் காட்டினார்கள். அது சாட்சியம், அது பரிந்துரை, அது வகாலத். நம் பயான்களில் முதலாவது நிறையப் பேசப்படுகிறது. இரண்டாவது எப்போதாவது பேசப்படுகிறது. மூன்றாவதைக் கேட்டதாக நமக்கு நினைவில்லை.

சாட்சியமும் பரிந்துரையும் வாக்குச்சாவடியின் வாசலிலேயே முடிந்துவிடுகின்றன. வகாலத் அங்கேதான் தொடங்குகிறது. நம் சார்பில் பேசவும் செயல்படவும் ஒருவரை நியமிப்பது வகாலத். ஃபிக்ஹு கிதாபுகளில் இதற்கென்று தனிப் பாடமே இருக்கிறது. தமிழில் அன்றாடம் புழங்குகின்ற வக்கீல், வக்காலத்து என்னும் சொற்களும் அதே வேரிலிருந்து வந்தவையே. சொத்து வழக்குக்கு வக்கீல் வைத்தவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீதிமன்றப் படியில் காத்திருந்து, "இன்றைக்கு என்ன ஆயிற்று?" என்று விசாரிக்கிறார். நாடாளுமன்றத்துக்கு வகீல் அனுப்பியவர்களோ ஐந்து ஆண்டுகள் விசாரிப்பதில்லை. விசாரித்தாலும், கைப்பேசியில் வந்து விழுகின்ற செய்தியிடம்தான் விசாரிக்கிறோம்.

2025 ஏப்ரல் 2, நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள். வக்ஃப் திருத்த மசோதா மக்களவையில் விவாதத்துக்கு வந்தது. 12 மணி நேரத்துக்கும் மேல் விவாதம் நீண்டது. நள்ளிரவு தாண்டி, ஏப்ரல் 3 அதிகாலையில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 288, எதிர்ப்பு 232. அடுத்த நாள் அதிகாலையில் மாநிலங்களவையிலும் 128க்கு 95 என்று மசோதா நிறைவேறியது. அந்த இரண்டு இரவுகளிலும் நம் மஹல்லாவில் பல வீடுகளில் விளக்கு அணையவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஸுன்னத் தொழுது எழுவதற்குள் ஒரு குறுஞ்செய்தி கைப்பேசிகளில் பரவிவிட்டது. நம் தொகுதி உறுப்பினர் அந்த இரவில் அவையிலேயே இல்லை, வாக்கெடுப்புக்கு முன்பே எழுந்து போய்விட்டார் என்றது அது.

பள்ளிவாசலின் வெளிப்பள்ளியில் கூட்டம் கூடிவிட்டது. கண்டனத் தீர்மானம் எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். தாளும் பேனாவும் வந்துவிட்டன. மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் நம்மைப் பார்த்து, "ஹஜ்ரத், நீங்கதான் நல்ல தமிழ்ல எழுதுவீங்க, எழுதிக் கொடுங்க" என்றார். அல்ஹுஜுராத் அத்தியாயத்தைப் பாடம் நடத்துகின்றவர்கள், வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி அதில் வருகின்ற கட்டளையைப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ள முடியாது. "வாக்குப் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதுவோம், இரண்டு நாள் பொறுங்கள்" என்றோம். அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது என்பதே அங்கிருந்த பலருக்குப் புதிய செய்தி. ஜமாஅத் தலைவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பட்டியல் இருக்கத்தான் செய்கிறது. ஒரு மசோதாவின்மீது பிரிவு வாக்கெடுப்பு, அதாவது டிவிஷன், கோரப்பட்டால் அவையின் வெளிக்கூடங்களைக் காலிசெய்து, மூன்றரை நிமிடம் மணி அடித்து, கதவுகளை அடைத்துவிடுகிறார்கள். பிறகு ஒவ்வோர் உறுப்பினரும் தம் இருக்கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, இரண்டுமில்லை என்றால் மஞ்சள். பொத்தான் சரியாகப் பதியாதவர்கள் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். பெயர்கள் அனைத்தும் அன்றைய அவை நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகின்றன. சீட்டில் வாக்களித்தவர்களையும் அதில் தனியே குறிப்பிடுகிறார்கள். நாடாளுமன்றத்தின் இணையதளமான சன்சத்தில் அதை யாரும் படிக்கலாம். ஆனால் ஓர் உறுப்பினரின் பெயரைத் தட்டியதும் அவர் அளித்த வாக்குகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும் என்று எண்ணிவிட வேண்டாம். எந்த நாள், எந்த மசோதா என்று தெரிந்துகொண்டு, அந்த நாளின் பல நூறு பக்கங்களுக்குள் புகுந்து தேட வேண்டும். மதரஸாவின் மேல்வகுப்பு மாணவர்கள் நால்வர், கல்லூரியில் படிக்கும் மஹல்லா இளைஞர் இருவர், நாம் என்று ஏழு பேர் அந்த ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு உட்கார்ந்து தேடினோம். எதிர்த்து வாக்களித்தவர்களின் வரிசையில் நம் உறுப்பினரின் பெயர் இருந்தது. கண்டனத் தாள் கிழிக்கப்பட்டது.

அத்துடன் எழுந்திருக்க மனம் வரவில்லை. அவர் பெயர் அங்கே இருப்பது உண்மையில் எதைச் சொல்கிறது என்னும் கேள்வி எழுந்தது. நம் நாட்டில் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1985இல் 52ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக வந்த பத்தாவது அட்டவணை அது. கட்சியின் கொறடா உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, முன்அனுமதி இல்லாவிட்டால், கட்சியும் 15 நாட்களுக்குள் அதைப் பொறுத்துக்கொள்ளாவிட்டால், அந்த உறுப்பினர் பதவியை இழக்க நேரும். பணத்துக்காகக் கட்சி மாறுவதைத் தடுக்க வந்த சட்டம் என்பதால் அதை ஒரேயடியாகக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதன் விளைவை உணர வேண்டும். ஃபிக்ஹின்படி, நியமித்தவர் விரும்பினால் வகீலை நீக்கிவிடலாம். வகீலும் அவர் இட்ட வரம்பைத் தாண்டக் கூடாது. இங்கே நியமித்த நாம் ஐந்து ஆண்டுகளுக்கு அவரை நீக்க முடியாது. அவர் தாண்டக் கூடாத வரம்பையோ கட்சி வரைகிறது. ஆகவே வாக்குப் பட்டியலில் உள்ள பெயர், அந்தக் கட்சி என்ன முடிவெடுத்தது என்பதையும், அவர் அன்று அவைக்கு வந்திருந்தார் என்பதையும் காட்டுகிறது. அவர் உள்ளத்தில் என்ன இருந்தது, அந்த விஷயத்துக்காக அவர் என்ன உழைத்தார் என்பதை அது காட்டாது.

கட்சியின் முடிவைத் தெரிந்துகொள்வதற்கு அந்தப் பட்டியல் மிகவும் பயன்படும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாக்கெடுப்பில் கணக்கில் வருவது அவையில் இருந்து வாக்களித்தவர்களின் எண்ணிக்கைதான். வெளிநடப்புச் செய்தவர் கணக்கிலேயே வரமாட்டார். 2019 ஜூலை 30 அன்று மாநிலங்களவையில் முத்தலாக் மசோதா 99க்கு 84 என்று நிறைவேறியது. அ.தி.மு.க. அன்று மசோதாவை எதிர்த்துப் பேசியது. வாக்கெடுப்பின்போது வெளியேறியது. பேச்சைக் கேட்டவர்கள் எதிர்த்தார்கள் என்று நினைப்பார்கள். ஆனால் எதிர்ப்பு வரிசையில் அவர்கள் பெயர் இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று குடியுரிமைத் திருத்த மசோதா அதே அவையில் 125க்கு 105 என்று நிறைவேறியபோது அவர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். இவற்றை யார் சொல்லியும் நாம் நம்ப வேண்டியதில்லை, மறுக்கவும் வேண்டியதில்லை. குறிப்பில் இருக்கிறது. எந்தக் கட்சியைப் பற்றி யார் பேசினாலும், வெளிநடப்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன் அன்றைய எண்ணிக்கையை எடுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. பெரும்பாலான மசோதாக்களில் இப்படிப் பெயர்ப்பட்டியலே உருவாவதில்லை. "ஆதரிப்போர் ஆம் என்க, எதிர்ப்போர் இல்லை என்க" என்று சபாநாயகர் கேட்பார். எந்தக் குரல் ஓங்கியது என்பதைக் காதால் கேட்டு அறிவிப்பார். குரல் வாக்கெடுப்பு என்பது இதுதான். அரசியலமைப்புத் திருத்த மசோதாவுக்குத் தனிப் பெரும்பான்மை வேண்டும் என்பதால் அங்கே எண்ணியாக வேண்டும். மற்றவற்றில் யாரேனும் எழுந்து பிரிவு வாக்கெடுப்புக் கேட்டால்தான் உண்டு. 2020 செப்டம்பர் 20 அன்று வேளாண் மசோதாக்கள் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. பிரிவு வாக்கெடுப்புக் கேட்டோம், தரவில்லை என்றார்கள் எதிர்க்கட்சியினர். அவரவர் இருக்கையில் இருந்து கேட்டால்தான் தர முடியும் என்றது எதிர்த்தரப்பு. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று குற்றவியல் மசோதாக்கள் 2023 டிசம்பர் 20 அன்று மக்களவையிலும் 21 அன்று மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. கைது, பிணை, காவல், தண்டனை என்று ஒவ்வொரு குடிமகனின் கழுத்தையும் தொடுகின்ற சட்டங்கள் அவை. அவற்றை ஆதரித்தவர் யார், எதிர்த்தவர் யார் என்று பேரப்பிள்ளைகள் நாளை தேடினால் ஒரு பெயரும் கிடைக்காது.

அந்தக் கூட்டத்தொடரில்தான் இரு அவைகளிலும் சேர்த்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். மக்களவையில் 100, மாநிலங்களவையில் 46. இடைநீக்கம் செய்யப்பட்டவர் அவைக்குள் வர முடியாது. பதிவேட்டில் கையெழுத்திட முடியாது. இதை ஏன் சொல்கிறோம் என்றால், வருகைச் சதவீதத்தை வைத்துக்கொண்டு உறுப்பினர்களை வரிசைப்படுத்திப் போடுகின்ற படங்கள் நம் குழுக்களிலும் வருகின்றன. வருகைப் பதிவேடு தினப்படிக்கான பதிவேடு. காலையில் கையெழுத்திட்டுவிட்டு உணவகத்தில் அமர்ந்திருப்பவரும் வந்தவரே. அமைச்சர்களுக்கு அந்தக் கையெழுத்தே தேவையில்லை. மக்களவை எதிர்க்கட்சித் தலைவருக்கும் அப்படியே. "பார்த்தீர்களா, பூஜ்யம்!" என்று அவர்கள் படத்தைப் போட்டுப் பரப்புகின்றவர்கள் அறியாமையில் செய்கிறார்களா, அறிந்தே செய்கிறார்களா என்பதை அல்லாஹ்வே அறிவான். டெல்லியில் 2005 முதல் இயங்குகின்ற பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேடிவ் ரிசர்ச் என்னும் நிறுவனம் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறது. வருகை, விவாதம், கேள்வி, தனிநபர் மசோதா என்று எண்கள் அதில் உண்டு. மாநிலச் சராசரியும் தேசியச் சராசரியும் பக்கத்திலேயே உண்டு. இந்த விதிவிலக்குகளையும் அங்கே எழுதியிருக்கிறார்கள். படங்களைப் பரப்புகின்றவர்கள் அந்தச் சிறிய எழுத்தைப் படிப்பதில்லை.

வாக்கு கட்சியினுடையது, வருகை கையெழுத்தினுடையது என்றால் அந்த உறுப்பினருக்கே உரியது எது? கேள்வி. கொறடா உத்தரவு பொதுவாக அங்கே வருவதில்லை. எந்த அமைச்சகத்திடம் எதைக் கேட்பது என்பதை உறுப்பினரே தேர்ந்தெடுக்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, குறியிடாதவை 230 இடம்பெறுகின்றன. முன்னதற்கு அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாகப் பதில் சொல்வார். துணைக் கேள்வியும் கேட்கலாம். பின்னதற்கு எழுத்தில் பதில் வரும். எழுத்தில் வருவதுதானே என்று அலட்சியமாக நினைக்கக் கூடாது. அமைச்சர் தம் பெயரில் அவையின் மேசையில் வைக்கின்ற பதில் அது. அதில் பொய் சொன்னால் உரிமை மீறல். வாக்குறுதி கொடுத்தால் அதைத் தொடர்ந்து கவனிப்பதற்கு அரசு உறுதிமொழிக் குழு என்று தனியாக ஒரு குழுவே இருக்கிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு நம் பிள்ளைகளின் வாழ்விலிருந்தே இருக்கிறது. எம்.ஃபில்., முனைவர் பட்டம் படிக்கின்ற சிறுபான்மை மாணவர்களுக்காக 2009இல் தொடங்கப்பட்ட மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை நிறுத்தப்பட்டது நாட்டுக்கு எப்படித் தெரியவந்தது? 2022 டிசம்பர் 8 அன்று, கேரளத்தின் திருச்சூர் தொகுதி உறுப்பினராக அப்போது இருந்த டி.என். பிரதாபன் மக்களவையில் கேட்ட கேள்விக்கு, சிறுபான்மையினர் நலத்துறை அமைச்சர் ஸ்மிருதி இரானி அளித்த எழுத்துப் பதிலில் அது இருந்தது. பிற திட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்று படிகிறது என்பதால் 2022-23 முதல் நிறுத்தப்படுகிறது என்றது பதில். அதற்குச் சில நாட்கள் முன்புதான் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கான சிறுபான்மையினர் உதவித்தொகையும் நின்றது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் அந்த வகுப்புகளுக்குக் கல்வி இலவசம், ஆகவே உதவித்தொகை தேவையில்லை என்பது அரசு சொன்ன காரணம். சீருடை, பை, வேன் கட்டணம் பற்றி அந்தக் காரணத்துக்குத் தெரியாது போலும்.

நம்மிடம் சிறுவயதில் ஓதிய மாணவி ஒருவர் அப்போது முதுகலை முடித்து ஆய்வுப் படிப்புக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். தகப்பனார் தையற்காரர். அந்த உதவித்தொகையை நம்பியே வீட்டில் சம்மதம் வாங்கியிருந்தார். செய்தி வந்ததும், "இனி என்ன, மாப்பிள்ளை பார்ப்போம்" என்று பேச்சு மாறிவிட்டது. அவருக்கு வந்த இழப்பைப் பிரதாபனின் கேள்வி தடுத்துவிடவில்லை. ஆனால் என்ன நடந்தது, யார் செய்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பதை மூடிவைக்க முடியாதபடி அது செய்தது. அதன் பிறகுதான் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், நாளேடுகள் எழுதின, மற்ற உறுப்பினர்களும் அவையில் பேசினார்கள். சம்பந்தப்பட்ட மாணவி இப்போது ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. ஆய்வை விட்டுவிடவில்லை என்று சொல்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்ட பிறகு, நம் உறுப்பினர் கேட்ட கேள்விகளையும் எடுத்துப் படிக்கத் தொடங்கினோம். மக்ரிபுக்குப் பிறகும் தொடர்ந்தோம். ரயில் நிறுத்தம், தேசிய நெடுஞ்சாலைப் பாலம், கைப்பேசிக் கோபுரம், மீனவர் கைது, முந்திரி இறக்குமதி என்று இருந்தன. நல்ல கேள்விகள். ரயில் நிறுத்தத்துக்கான கேள்வியை அவர் மீண்டும் மீண்டும் கேட்டிருந்தார். நம் ஊருக்கு அந்த ரயில் நிற்கத் தொடங்கியபோது வேறு யாரோ சால்வை போர்த்திக்கொண்டது நமக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் கல்வி உதவித்தொகை பற்றி ஒன்றும் இல்லை. வக்ஃப் சொத்துகள் பற்றியும் ஒன்றும் இல்லை. அந்த இரவில் பொத்தானை அழுத்தியவர், அதற்கு முன்பு அந்தப் பொருளில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. பரவிய செய்தி பொய். ஆனால் உண்மையும் நமக்கு முழு ஆறுதலைத் தரவில்லை.

அடுத்த வாரம் ஜமாஅத் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, மூத்த உறுப்பினர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஹஜ்ரத், ஒரு முஸ்லிமோ, முஸ்லிமல்லாதவரோ, அவர் இல்லாத இடத்தில் அவருடைய குறையைப் பேசுகிறோம். இது கீபத் ஆகாதா?" கேட்கத் தகுந்த கேள்வி. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் புறம் பேசுவதற்கு அனுமதியுள்ள ஆறு இடங்களைத் தொகுத்திருக்கிறார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவது, ஃபத்வா கேட்பவர் நடந்ததைச் சொல்வது போன்றவை அவற்றில் உண்டு. மக்களை எச்சரிப்பது என்னும் நான்காவது இடத்தில், ஹதீஸ் அறிவிப்பாளர்களையும் சாட்சிகளையும் குறை கூறுவது சேர்கிறது. பொறுப்பை ஒப்புக்கொண்டு அதை உரிய முறையில் நிறைவேற்றாதவரைப் பற்றிச் சொல்வதும் அதே இடத்தில் சேர்கிறது. எவரிடம் சொல்ல வேண்டும்? அவருக்கு மேல் பொது அதிகாரம் உள்ளவரிடம். இமாம் அவர்களின் காலத்தில் அது ஆட்சியாளர். இன்றைக்கு நாடாளுமன்ற உறுப்பினரை நியமிக்கவும் மாற்றவும் அதிகாரம் உள்ளவர் அந்தத் தொகுதியின் வாக்காளர் என்று நாம் விளங்கிக்கொள்கிறோம். ஆலிம்கள் வேறு விளக்கம் சொன்னால் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறோம். ஆனால் இந்த அனுமதிக்கு ஓர் எல்லை உண்டு என்றும் அந்தப் பெரியவரிடம் சொன்னோம். பேசுவது அவருடைய பொறுப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும். உண்மையாக இருக்க வேண்டும். அவர் எத்தனை வீடு வைத்திருக்கிறார், மகள் யாரைத் திருமணம் செய்தாள் என்பதெல்லாம் அந்த அனுமதிக்குள் வராது.

அறிவிப்பாளர்களை ஆராய்ந்த முஹத்திஸ்கள் ஒருவரைப் பற்றி "நல்லவர்" என்று மட்டும் எழுதி நிறுத்தியதில்லை. யாரிடம் கேட்டார், எந்த ஊரில் இருந்தார், முதுமையில் நினைவாற்றல் மாறியதா என்று ஒவ்வொன்றையும் பதிந்தார்கள். அப்படி ஒரு குறிப்பேடு நாடாளுமன்றத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் ஸாஹிப் அவர்கள் அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 23 அன்று பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவுக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். எந்தச் சமூகத்துக்கும் அதன் தனிச் சட்டத்தைக் கைவிட வேண்டிய கட்டாயம் கூடாது என்பது அதன் சாரம். அந்தத் திருத்தம் தோற்றது. பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. மாணவர்களுக்கு அதைப் படித்துக் காட்டினோம். அவர்களுக்கு எதிர்த்தரப்பில் பேசியவர்களின் சொற்களும் அதே பக்கங்களில் இருப்பதால் இரண்டையும் படிக்கச் சொன்னோம். தோற்றுப்போன திருத்தத்தை ஏன் படிக்க வேண்டும் என்று ஒரு மாணவர் கேட்டார். வக்ஃப் மசோதா பற்றிய கூட்டுக்குழுவின் அறிக்கையை எடுத்துக் காட்டினோம். 31 உறுப்பினர்கள், 655 பக்கங்கள், 15க்கு 11 என்று ஏற்கப்பட்ட அறிக்கை. நம் மாநிலத்திலிருந்து ஆ. ராசாவும் எம்.எம். அப்துல்லாவும் அந்தக் குழுவில் இருந்தார்கள். தோற்ற தரப்பின் மறுப்புக் குறிப்புகள் அந்த அறிக்கையோடு சேர்ந்தவை. சட்டம் நீதிமன்றத்துக்குப் போகும்போது வாதங்களுக்கு அவை பயன்படுகின்றன. குழுக்களின் அறிக்கைகளில் யார் எந்த அமர்வுக்கு வந்தார் என்பதும் பின்னிணைப்பில் உண்டு. அவையில் ஒலிபெருக்கியின் முன் முழங்குகின்றவரைவிட, மூடிய அறையில் பக்கம் பக்கமாகப் படிக்கின்றவர் பல நேரம் அதிகம் செய்கிறார்.

தொகுதி மேம்பாட்டு நிதியைப் பற்றியும் மஹல்லாவில் கேட்டார்கள். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். உறுப்பினர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் நிறைவேற்றும். வழிபாட்டுத் தலத்துக்குள் செய்யும் பணிக்கு அதைப் பயன்படுத்த முடியாது என்பதைச் சொல்லிவிட்டால், பாதி மனக்கசப்புகள் தீர்ந்துவிடும். சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் அவரைத் தேடிப் போவதில் பயனில்லை; அவை நகராட்சியின் பொறுப்பு.

நம் உறுப்பினர் கல்வி உதவித்தொகை பற்றி ஏன் கேட்கவில்லை? அவர் அலட்சியம் என்று சொல்லிவிடலாம். ஆனால் நாம் அவரிடம் கேட்கச் சொன்னோமா என்றும் பார்க்க வேண்டும். ஜமாஅத்தின் கடிதக் கோப்பைப் புரட்டினால், கட்டடத் திறப்புவிழா அழைப்பு, இஃப்தார் அழைப்பு, கல்லூரி இடத்துக்கான சிபாரிசு, கடவுச்சீட்டுச் சிபாரிசு என்றே நகல்கள் இருந்தன. எனவே ஒரு கேள்வியை எழுதினோம். மாநிலவாரியாக எத்தனை மாணவர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது, எத்தனை விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன, நிறுத்தப்பட்ட திட்டத்தால் இடையில் விடப்பட்ட ஆய்வு மாணவர்களுக்கு என்ன ஏற்பாடு என்று மூன்று பகுதிகள். மழைக்காலக் கூட்டத்தொடர் 2025 ஜூலை 21இல் தொடங்குவதாக அறிவிப்பு வந்திருந்தது. கேள்விக்கு 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால், ஜூன் மாதக் கடைசியிலேயே ஜமாஅத் தலைவரும் நாமும் மாணவர் இருவரும் உறுப்பினரின் அலுவலகத்துக்குச் சென்றோம்.

அவர் ஊரில் இல்லை. உதவியாளராக இருந்த இளைஞர் தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். "பள்ளிவாசல்ல இருந்து வர்ற லெட்டர் எல்லாம் அழைப்பிதழாத்தான் இருக்கும், கேள்வி இப்பதான் வருது" என்றார். பிறகு பேனாவை எடுத்து, "அநியாயமாக நிறுத்தப்பட்ட" என்றிருந்த இடத்தில் முதல் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். கேள்விக்குள் வாதமோ வர்ணனையோ குற்றச்சாட்டோ இருந்தால் ஏற்க மாட்டார்கள், 150 சொற்களுக்கு மேலும் போகக் கூடாது என்று விளக்கினார். மாணவர்களில் ஒருவருக்கு அந்தச் சொல்லை விட மனமில்லை. "அநியாயம்தானே ஹஜ்ரத்?" என்றார். அநியாயம் என்று நிரூபிக்கின்ற எண்ணை அமைச்சரே எழுதித் தருவதற்காகத்தான் இந்தத் தாள் என்று அவரிடம் சொன்னோம். அவரே பேனாவை வாங்கி அந்தச் சொல்லை அடித்தார்.

அந்தக் கூட்டத்தொடரில் அது குலுக்கலில் வரவில்லை. முன்னறிவிப்புக் கொடுத்த சான்றின் நகலை உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். குளிர்காலக் கூட்டத்தொடருக்காக அதே கேள்வியை மீண்டும் எழுதியபோது, மாணவர்கள் நான்காவது பகுதி ஒன்றைச் சேர்த்தார்கள். சொற்களை எண்ணினோம், 92 வந்தது. இம்முறை பக்கத்துத் தொகுதி உறுப்பினருக்கும் ஒரு நகல் போயிருக்கிறது. அந்த ஊர் மதரஸாவின் உஸ்தாத் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.